கூரைத் தண்ணீரைக் குழிக்கு விடாதீர்கள்: கடைமடைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடலோர ஊர்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாமார்களே, அண்ணன்மார்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, வணக்கம்.

உங்கள் அடுத்த கூட்டத்தில், வருகைப் பதிவு, காலை உணவு, கழிப்பறை என்று வழக்கமாகப் பேசுகிறவற்றோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் கொட்டும் தண்ணீர் எங்கே போகிறது?

பெரும்பாலான பள்ளிகளில் பதில் ஒன்றுதான். சுவரோரமாக இறங்கும் ஒரு பைப், அதன் அடியில் ஜல்லியும் மணலும் போட்ட குழி, பக்கத்துச் சுவரில் பெயிண்டில் ‘மழைநீர் சேகரிப்பு’. பல இடங்களில் பைப் பாதியில் உடைந்து சுவரெல்லாம் பாசி. அதை விடுங்கள். பைப் உடையாமல், குழி தூர்ந்துபோகாமல், எல்லாம் ஒழுங்காக இருக்கும் பள்ளியைப் பற்றியே கேட்கிறேன். அந்தக் குழிக்குள் போன தண்ணீரில் ஒரு தம்ளராவது நம் பிள்ளைகள் குடிக்கத் திரும்பி வந்ததா?

நான் கட்டட வேலை மேஸ்திரி, வேதாரண்யம் வட்டத்துக்காரன். மகள் ஆறாவது படிக்கிறாள். அவள் பள்ளியின் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். எங்கள் பக்கம் அஸ்திவாரம் தோண்டினால் மேலே களி. மழைக்காலமாக இருந்தால் இடுப்பளவு ஆழத்திலேயே ஊற்று வந்துவிடும். அந்த ஊற்றுத் தண்ணீரில் கான்கிரீட் போட வேலை தெரிந்த எவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உப்பு ஏறினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், காரை பெயர்ந்து விழும். அதனால் நல்ல தண்ணீரை டேங்கரில் வரவழைத்துக் கலவை போடுகிறோம். கம்பிக்கு ஆகாது என்று நாங்கள் ஒதுக்கும் தண்ணீரைத்தான், குழாய் வராத நாட்களில், அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் அடிபம்பில் அடித்துக் குடிக்கிறார்கள். இதை நினைக்காமல் என்னால் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தளம் போட முடியவில்லை.

2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். சென்னையில் அதனால் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. மழையை நிலத்துக்குள் அனுப்பினால் நிலம் பத்திரமாக வைத்திருந்து கோடையில் திருப்பித் தரும் என்பது அந்தக் குழியின் கணக்கு. திருவையாறு, கும்பகோணம் பக்கத்துக்கு அந்தக் கணக்கு சரி. அங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது காவிரி ஊறிய தண்ணீர். கடற்கரையை ஒட்டி, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் நம் கடைமடையில் நிலம் திருப்பித் தருவது உப்பு.

ஏன் என்று புரிந்துகொண்டால் கூட்டத்தில் பேச உதவும். நல்ல தண்ணீர் எடை குறைந்தது, கடல் தண்ணீர் எடை கூடியது. இரண்டும் மண்ணுக்குள் சந்திக்கும் இடத்தில் நல்ல தண்ணீர், மோரின் மேல் வெண்ணெய் மாதிரி, மேலாக மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அது கீழே ஏறத்தாழ 40 அடிவரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மேலே நிற்கும் அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு உறிஞ்சிவிட்டால், தள்ளி வைத்த உப்பு அத்தனையும் மேலே ஏறி வரும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்து மணல்மேடுகளில் இப்படி மிதக்கும் தண்ணீர் இன்னும் இருக்கிறது. அந்த ஊர்களில் குழி கட்டாயம் வேண்டும், அதை மூடச் சொல்லவில்லை. களிமண் ஊர்களில் குழிக்குள் விட்ட தண்ணீர் இறங்கவே நாளாகும். இறங்கியதும் உப்போடு உப்பாகக் கலந்துவிடும்.

இந்த உப்பு ஒரே காரணத்தால் வந்ததும் இல்லை. ஆற்றில் வரத்து குறைந்தது. வடிகால் முகத்துவாரங்கள் வழியாகக் கடல் உள்ளே ஏறியது. போர்வெல் மேல் போர்வெல் போட்டோம். 1990களில் இறால் பண்ணைகள் வந்தன. அவற்றால் வயலும் குடிதண்ணீர்க் கிணறும் கெட்டதை, இந்தப் பகுதி ஏழைகளுக்காகப் பாடுபட்ட சர்வோதயப் பெரியவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1996 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. 2004 சுனாமி மிச்சமிருந்த பல கிணறுகளுக்குள் கடலைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனது. இவற்றில் எதையும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவால் திருத்த முடியாது. ஆனால் வானத்திலிருந்து உப்பில்லாமல் வந்து, நம் கூரையில் விழுந்து, நம் கண்முன்னே வழிந்தோடும் தண்ணீரை மண்ணைத் தொடவிடாமல் பிடித்து வைக்க முடியும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். குடிக்கிற தண்ணீருக்குக் குழி போதாது, தொட்டி வேண்டும்.

கூட்டுக் குடிநீர் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. கொள்ளிடத்தில் இறைத்து நாகப்பட்டினம், வேதாரண்யம் வரை கொண்டுவரும் அந்தக் குழாய் இல்லையென்றால் நம்மில் பலர் எப்போதோ ஊரைக் காலி செய்திருப்போம். ஆனால் ஆற்றுக்கு நாம் கடைமடை என்பது போல அந்தக் குழாய்க்கும் நாமே கடைமடை. வழியில் எங்கே பைப் உடைந்தாலும், எங்கே கரண்டு போனாலும், முதலில் காய்வது நம் ஊர்க் குழாய். வரும் நாளிலும் விடியற்காலையில் வந்து, பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு நின்றுவிடும். சத்துணவுக் கூடத்தில் அக்காமார்கள் முந்தின நாளே அண்டாவில் பிடித்து வைத்தால் உண்டு. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாரக்கணக்கில் கரண்டு இல்லை. மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி ஏறவில்லை. மாடியில் இருந்த பிளாஸ்டிக் தொட்டிகள் வயலில் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் இறைத்த இடத்தில் குடத்தோடு வரிசை. அது கார்த்திகைத் தொடக்கம். பருவமழை பாதி பெய்து முடித்த நேரம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரையோடு கட்டிய ஒரு தொட்டி இருந்திருந்தால் அது நிறைந்து நின்றிருக்கும். அதற்கு மோட்டார் வேண்டாம், குழாயைத் திறந்தால் தண்ணீர். நம் பக்கத்துப் பள்ளிகள்தான் புயல் நேரத்தில் ஊர் சனம் ஒதுங்கும் இடமும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இது மேஸ்திரி கணக்கு, கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இரண்டு வகுப்பறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள சாதாரணக் கட்டடத்தின் மாடி ஏறத்தாழ 1080 சதுர அடி, அதாவது 100 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 100 லிட்டர். நாகப்பட்டினம் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 1300 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதில் 800-க்கும் மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடும். மழை பொய்க்கும் ஆண்டையும் நினைத்து 1000 என்றே வைத்துக்கொள்வோம். தளம் குடித்தது, வழிந்தது, நாமே விட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 80,000 லிட்டர்.

தேவை எவ்வளவு? 80 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு 2 லிட்டர் குடிக்க என்றால் நாளுக்கு 160 லிட்டர். பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஏப்ரல் வரை 80 வேலை நாள் என்று தாராளமாகவே போட்டாலும் 12,800 லிட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு 80 நாள், இன்னொரு 12,800. நடுவில் ஒரு பொட்டு மழைகூடப் பெய்யாது என்று வைத்தாலும் 25,600 லிட்டர் போதும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை நமக்குக் கொஞ்சம் உண்டு என்பதால் நடைமுறையில் இந்த அளவுகூட ஆகாது.

ஆகவே 15,000 லிட்டரில் இரண்டு தொட்டி. ஒரே பெரிய தொட்டியாகக் கட்ட வேண்டாம். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றில் தண்ணீர் இருக்க வேண்டும். ஒன்றில் எலியோ ஓணானோ விழுந்துவிட்டால் மற்றொன்று காப்பாற்றும். ஒரு தொட்டி நிறைய, நாம் பார்த்த அந்த மாடிக்கு 190 மில்லிமீட்டர் மழை போதும். அடைமழைக் காலத்தில் இரண்டு மூன்று நாளில் அது பெய்துவிடுவதை நாம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். பணம் ஒரே தடவையில் புரளவில்லை என்றால் இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று.

எங்கே கட்டுவது என்பதில்தான் கடைமடை ஊர்கள் கவனமாக இருக்க வேண்டும். நிலத்துக்குள் சம்ப் தோண்டித் தரலாம் என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். இடம் மிச்சம், பார்க்கவும் அழகு. ஒத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் ஊற்று தரைமட்டத்துக்குப் பக்கமாக வந்துவிடும். காலியாக இருக்கும் சம்ப்பை அந்த ஊற்று கீழிருந்து தூக்கும், தரை விரியும், விரிசல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வெள்ளம் நின்றால் கழிப்பறைத் தொட்டியும் வயலும் கலந்த தண்ணீர் மூடி வழியாக இறங்கும். அதே போல மாடியிலும் வைக்க வேண்டாம். 15,000 லிட்டர் என்றால் 15 டன். பழைய கட்டடத்துத் தளம் அதைத் தாங்காது. தரைக்கு மேலே, உங்கள் ஊரில் இதுவரை வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கும் மேலே மேடை எழுப்பி அதன்மேல் கட்டுங்கள். களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு மணல் நிரப்பிக் கெட்டித்த பிறகுதான் மேடை. வெயிலில் சுருங்கி மழையில் உப்பும் களிமேல் 15 டன்னை வைத்தால் தொட்டி சாயும். மேடை இரண்டடி உயரம் இருந்தால் குழாய்க்கு அடியில் குடமும் வைக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கையும் எட்டும்.

தொட்டி வட்டமாக இருக்கட்டும். 10 அடி விட்டம், 7 அடி உயரம் என்றால் 15,000 லிட்டருக்கு மேலேயே பிடிக்கும். சதுரத் தொட்டியில் விரிசல் மூலையில்தான் தொடங்கும், வட்டத்துக்கு மூலை இல்லை. ஃபெர்ரோசிமெண்ட் வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். வெல்டு மெஷ்ஷைச் சுற்றிக் கோழிவலை கட்டி, இரண்டு பக்கமும் சிமெண்ட் கலவை பூசினால் ஒன்றரை அங்குலச் சுவர் போதும். செங்கல்லைவிடச் செலவு குறைவு. ஆனால் கடற்காற்று அடிக்கும் ஊரில் வலை எங்கேயும் வெளியே தெரியக் கூடாது. பூச்சில் மணல் ஆற்று மணல் அல்லது எம்-சாண்டாக இருக்கட்டும், கடற்கரை மணல் கூடவே கூடாது. கலவைக்கும் ஆறவிட அடிக்கும் தண்ணீருக்கும் நல்ல தண்ணீர். இரண்டு வாரமாவது ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டும். இதில் அவசரப்படும் கொத்தனாருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உள்ளே பெயிண்ட் எதுவும் வேண்டாம், சிமெண்ட் பால் போதும். மழைத் தண்ணீருக்கு லேசான புளிப்புத் தன்மை உண்டு, சிமெண்ட் அதைச் சமன் செய்துவிடும். புதுத் தொட்டியில் முதலில் பிடித்த தண்ணீரை மட்டும் செடிக்கு விட்டுவிடுங்கள், சுண்ணாம்பு வாடை போய்விடும்.

தொட்டியின் அடித்தளத்துக்கு ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்து, தாழ்ந்த இடத்தில் கழுவிவிடும் வால்வு வையுங்கள். குடிக்கும் குழாய் அடியிலிருந்து அரை அடி மேலே. அடியில் தங்கும் வண்டல் தம்ளருக்கு வராது. மேலே பூட்டு போடும் மூடி. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். நிறைந்து வழியும் பைப்பின் வாயில் கொசுவலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும் என்பதால் இதை யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வழியும் தண்ணீர் எங்கே போக வேண்டும்? ஏற்கெனவே இருக்கும் குழிக்குத்தான். முதலில் பிள்ளைகளுக்கு, மீந்தது நிலத்துக்கு.

கூரைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் வேலைதான் உயிர்நாடி. மாடியில் காக்கை எச்சம் இருக்கும், வேப்பஞ்சருகு இருக்கும், மாசி முதல் புரட்டாசி வரை படிந்த புழுதி இருக்கும். முதலில் விழும் மழை இத்தனையையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிட வேண்டும். நாம் பார்த்த அளவு மாடிக்கு, ஒவ்வொரு மழையிலும் முதல் 100 முதல் 200 லிட்டர் தொட்டிக்குள் போகக் கூடாது. நாலங்குல பைப்பின் ஒரு துண்டை இறக்கி மூடி போட்டால் போதும் என்று சில இடங்களில் செய்கிறார்கள். அந்தப் பைப் மீட்டருக்கு ஒன்பது லிட்டர்கூடப் பிடிக்காது, அது கண்துடைப்பு. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வழியில் வைத்து, அது நிறைந்த பிறகே தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்படி ‘டி’ போடுங்கள். டிரம்மின் அடியில் ஒரு குழாய். மழை விட்டதும் திறந்து காலி செய்ய ஓர் ஆள். அதன் பிறகு கூழாங்கல், மணல், மரக்கரி அடுக்கிய வடிகட்டி ஒன்று. ஓட்டுக் கட்டடம் என்றால் தாழ்வாரத்து ஓரமாக, நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. பைப்பைக் கட்டித் தண்ணீர் பிடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து மட்டும் குடிக்கப் பிடிக்க வேண்டாம்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமைக்குள் மாடியைப் பெருக்கிக் கழுவி, மேலே சாயும் கிளைகளை வெட்டி, வடிகட்டி மணலை அலசிப் போட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். பிள்ளைகளை மாடியில் ஏற்றவோ தொட்டிக்குள் இறக்கவோ கூடாது, இதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பெரியவர்களும் தனியாக இறங்கக் கூடாது, மூடிக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும்.

தண்ணீர் தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். காக்கை எச்சத்தில் இருக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. தொட்டி நிறைந்ததும் குளோரின் போட வேண்டும். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டருக்கு இது தினசரி வேலை, அவரையே கேளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 15,000 லிட்டருக்கு 60 கிராம். ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அன்று விட்டு மறுநாள் குடிக்கத் திறக்கலாம். குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு. ஜல் ஜீவன் இயக்கத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தந்து சோதனைப் பெட்டியும் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அவர்களில் ஒருவர் உங்கள் பள்ளியின் ஏதோ ஒரு பிள்ளைக்கு அம்மாவாகவோ சித்தியாகவோதான் இருப்பார். மாதம் ஒருமுறை அவரை வரச் சொல்லுங்கள். சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தால், மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். கறுத்தால் அந்தத் தொட்டியை மூடி, மறுபடி குளோரின் போட்டு, மறுபடி சோதித்த பிறகே திறக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர் மனம் வைத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தச் சோதனையைப் பதிவேட்டில் எழுதி வருவார்கள்.

கூடவே உப்பையும் அளந்து பாருங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதுதான் குடிநீருக்கு ஏற்ற அளவு. வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தத் தர அளவு. இந்தக் கரைந்த உப்பின் அளவைக் காட்ட, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் போதும். பள்ளியின் அடிபம்புத் தண்ணீரையும் நல்ல மழைத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்டுங்கள். மழைத் தண்ணீர் பெரும்பாலும் 100-ஐத் தாண்டாது. பிறகு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

எதிர்த்துப் பேசினால் இரண்டு விஷயம் வரும். மழைத் தண்ணீரில் சத்து இல்லை என்பார்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் பிள்ளைகளுக்கு முட்டையிலும் கீரையிலும் பருப்பிலும் கிடைக்கிறது, தண்ணீரிலிருந்து கிடைப்பது சொற்பம். கேனில் வாங்கிக் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரிலும் அதே நிலைதான், அதை யாரும் குறை சொல்வதில்லை. உப்பேறிய தண்ணீர் செய்வதுதான் கெடுதல். வங்காளதேசக் கடற்கரையில் அப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்த கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பிள்ளைகள் விஷயத்தில் நான் பார்ப்பது வேறு: உப்புக் கரித்தால் அவர்கள் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்க மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் இரண்டு மிடறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாயங்காலம் தலைவலியோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

மழைத் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்பது இரண்டாவது. நான்கு கம்பு நட்டு வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே குடம் வைத்து மழை பிடித்தவர்கள் நம் பாட்டிமார்கள். அவர்கள் யாரும் இந்தக் காரணம் சொல்லி அதைக் கொட்டவில்லை. வெளியூர்க் கதையும் வேண்டுமென்றால், 1980களில் தாய்லாந்தின் வடகிழக்கில் வீட்டுக்கு வீடு சிமெண்ட் ஜாடிகள் கட்டி மழையைக் குடிநீராக்கினார்கள். சிறுநீரக நோய் வாட்டிய இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் பள்ளிகளுக்கு மழைநீர்த் தொட்டிகள் கட்டப்பட்டிருக்கின்றன. நாம் புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

ஆர்.ஓ. மெஷின் வைத்துத் தருகிறோம் என்று நல்ல மனத்தோடு வருகிறவர்களிடமும் இந்தத் தொட்டியையே கேளுங்கள். உப்பு கூடிய தண்ணீரில் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை மாற்ற ஆண்டுதோறும் பணம் வேண்டும், ஓட கரண்டு வேண்டும், ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு அதைவிடக் கூடுதலாக உப்புத் தண்ணீரைக் கழித்துக் கொட்டும். முதல் ஆண்டு ஓடிவிட்டு, துணி போர்த்தி மூலையில் நிற்கும் மெஷின்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொடுத்தவர் மேல் குறையில்லை. நம் மண்ணுக்கு அது தாங்காது.

பணத்துக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான, போதுமான குடிநீர் பள்ளியில் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. நாம் கேட்பது சலுகை இல்லை. அதே சட்டம்தான் நம் குழுவுக்குப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்றதும் அதுவே. 15-ஆவது நிதிக் குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுபயன்பாடு ஆகியவற்றுக்கென்றே ஒரு பங்கை ஒதுக்கியது. 2020 அக்டோபர் 2 அன்று ஜல் ஜீவன் இயக்கம் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் தரத் தொடங்கிய 100 நாள் இயக்கத்திலும் மழைநீர் சேகரிப்பு பேசப்பட்டது. ஊர் கொஞ்சம் போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்புகிற மாதிரி, தாங்கள் படித்த பள்ளிக்கும் கேட்டால் அனுப்புவார்கள். வேலைக்குக் கொத்தனார் கூலி குறைத்துக்கொள்ள நானே நாலு பேரிடம் பேசத் தயார்.

ஒன்றியப் பொறியாளர் வரும்போது வழக்கமான மாதிரி மதிப்பீட்டில் குழிதான் இருக்கும். அவர் தவறு இல்லை, மாதிரி எல்லா மாவட்டத்துக்கும் ஒன்று. நம் ஊர்த் தண்ணீரின் டி.டி.எஸ். எண்ணை அவர் கையில் கொடுத்து, தொட்டிக்கு மதிப்பீடு போட்டுத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நாலைந்து ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூட்டம் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஊராட்சியில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு ஒன்றே.

அங்கன்வாடிகளையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான ஊர்களில் அது பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. தொட்டியிலிருந்து ஒரு குழாயை அந்தப் பக்கமும் இழுத்துவிட்டால் கூடுதல் செலவு பெரிதாக ஆகாது. ஆனால் தொட்டித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். கை கழுவ, தட்டு கழுவ, கழிப்பறைக்கு எல்லாம் போர்த் தண்ணீர். சமையலுக்கும் எடுப்பதென்றால் சத்துணவு அக்காவிடம் நாளுக்கு எத்தனை குடம் என்று கேட்டு, மேலே போட்ட கணக்கில் அதையும் கூட்டித் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். தொட்டியின் சாவி அவரிடமே இருக்கட்டும். யாருக்குத் தண்ணீரின் அருமை தெரியுமோ அவரிடம் இருப்பதுதான் சரி.

தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று சில குழுக்களில் தடுமாறுகிறார்கள். வேண்டுமானால் இதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்:

“எங்கள் பள்ளியின் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால், வகுப்பறைக் கட்டடத்தின் மாடியில் விழும் மழைநீரைக் குடிநீராகச் சேமிக்க, தரைக்கு மேலே, வெள்ள மட்டத்துக்கு உயரமான மேடையில், 15,000 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய தொட்டிகள் இரண்டு, முதல் மழையைக் கழிக்கும் அமைப்புடனும் வடிகட்டியுடனும் கட்டித்தர வேண்டுமென இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. இப்பணி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறது. தொட்டிகளின் பராமரிப்புக்கும் மாதாந்திர நீர்ச் சோதனைக்கும் குழுவின் பெற்றோர் உறுப்பினர் இருவர் ஆண்டுதோறும் பொறுப்பேற்பர். மாணவர்கள் இப்பணியில் மாடிக்கோ தொட்டிக்குள்ளோ அனுப்பப்பட மாட்டார்கள்.”

பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாடியின் அளவும் உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாறும், அதற்குத் தகுந்தபடி லிட்டரைத் திருத்திக்கொள்ளுங்கள். தீர்மானத்தின் நகலோடு டி.டி.எஸ். அளவையும் மாடியின் நீள அகலத்தையும் எழுதி, ஒன்றை ஊராட்சிக்கும், ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கும், ஒன்றை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். வேலைக்கு உத்தரவு வர மாதங்கள் ஆகும். பூச்சு ஆற இரண்டு வாரம் வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் தொட்டி தயாராக வேண்டுமென்றால் மனு இந்த மாதமே போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர் உறுப்பினர்,
வேதாரண்யம் வட்டம்.